கரண்ட் வைக்கும் முன்: பல்லை எடுக்கலாமா, காப்பாற்றலாமா?

வாய், தொண்டை, குரல்வளை, மூக்கின் பின்புறம் ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை என்று முடிவானதும், புற்றுநோய் மருத்துவர் நோயாளியைப் பல் மருத்துவரிடம் அனுப்புவார். நம் ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்லும் அந்தச் சிகிச்சைக்குப் பல் டாக்டர் எதற்கு என்று பல குடும்பங்களுக்குப் புரிவதில்லை. ஸ்கேன், பயாப்ஸி, ரத்தப் பரிசோதனை என்று ஏற்கெனவே அலைந்து களைத்தவர்கள் இதையும் இன்னொரு கையெழுத்து வாங்கும் வேலையாக எடுத்துக்கொள்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. "எல்லாப் பல்லையும் எடுக்கணுமாமே, நிஜமா டாக்டர்?" இல்லையென்றால், "பல்லு இப்ப வலிக்கலையே, கரண்ட் முடிஞ்சதும் பார்த்துக்கலாமா?"

பெரும்பாலானவர்களுக்கு இரண்டுமே சரியான வழி இல்லை. எந்தப் பல்லை எடுப்பது, எதை விடுவது என்பதைப் பல் பல்லாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுக்கு மூன்று விவரங்கள் தேவை: கதிர் எந்த இடத்தில் எவ்வளவு விழப்போகிறது, வாய் எவ்வளவு திறக்கிறது, வீட்டில் தினமும் பல்லைப் பார்த்துக்கொள்ள முடியுமா. பல்லின் இன்றைய நிலையை மட்டும் பார்த்து எடுக்கும் முடிவு பாதி முடிவுதான்.

இரண்டு தனித்தனி ஆபத்துகள்

கதிர்வீச்சு பல்லுக்கு இரண்டு வழிகளில் கேடு செய்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் தேவையில்லாத பற்கள் எடுக்கப்படுகின்றன, எடுக்க வேண்டியவை தங்கிவிடுகின்றன.

முதலாவது உமிழ்நீர் வழியாக வருவது. காதுக்கு முன்னால் இருக்கும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பியும் தாடைக்கு அடியில் இருக்கும் சுரப்பியும் கதிர்வீச்சைச் சிறிதும் தாங்காதவை. சிகிச்சை தொடங்கிய முதல் வாரத்திலேயே உமிழ்நீர் குறைய ஆரம்பிக்கும்; மிச்சம் சுரப்பதும் கெட்டியாகி நூல் நூலாக இழுபடும். சாப்பிட்ட பிறகு வாயில் உண்டாகும் அமிலத்தைத் தணிப்பதும், பல்லுக்குச் சுண்ணாம்புச் சத்தைத் திருப்பிக் கொடுப்பதும் உமிழ்நீர்தான். அது போய்விட்டால் சொத்தை வரும் விதமே மாறிவிடுகிறது. வழக்கமாகக் கடைவாய்ப் பல்லின் குழிகளில் தொடங்கும் சொத்தை, இவர்களுக்கு ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதியில் பல்லைச் சுற்றி வளையமாக வரும். மற்றவர்களுக்குச் சொத்தையே அண்டாத கீழ் முன்பற்கள்கூடக் கறுத்து, சாப்பிடும்போது ஈறோடு ஒடிந்து விழும். இதற்கு ஆண்டுக்கணக்கு தேவையில்லை, சில மாதங்கள் போதும். பல்லின் மேல் கதிர் நேராக விழாவிட்டாலும் இது நடக்கும். அதனால் சொத்தை ஆபத்து வாய் முழுவதற்கும் உரியது.

இரண்டாவது எலும்பு. அதிகக் கதிர் வாங்கிய தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்து, ஆறும் திறன் போய்விடுகிறது. பின்னாளில் அந்த இடத்தில் ஒரு பல்லைப் பிடுங்கினாலோ, வேரில் சீழ் வைத்தாலோ, பொருந்தாத பல்செட் உரசிப் புண்ணானாலோ, எலும்பு வெளியே தெரிந்து மாதக்கணக்கில் மூடாமல் கிடக்கும். ஆஸ்டியோரேடியோநெக்ரோசிஸ் என்று மருத்துவக் குறிப்பில் எழுதியிருப்பது இதைத்தான். முற்றினால் தாடை முறியும், கன்னத்தில் துளை விழுந்து சீழ் வடியும், கடைசியில் தாடையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்துக் கால் எலும்பை வைத்துச் சீரமைக்க நேரும். புற்றுநோயை வென்றவர் இதனால் படுக்கும் நிலை கொடுமையானது. மேல்தாடையைவிட ரத்த ஓட்டம் குறைந்த கீழ்த்தாடையில்தான் இது அதிகம். கதிரின் அளவைக் கிரே என்ற அலகில் சொல்வார்கள்; 50 கிரேக்கு மேல் கதிர் வாங்கிய எலும்பை ஆபத்துப் பகுதியாக எடுத்துக்கொள்கிறோம். 60ஐத் தாண்டினால் இன்னும் கூடுதல். கதிர் பலமாக விழுந்த இடத்துக்கு மட்டும் உரிய ஆபத்து இது. ஆனால் ஆயுள் முழுக்க நீடிக்கும். 'ஆறு மாசம் ஆச்சு, இனி எடுக்கலாம்' என்று சொல்லும் அந்த ஆறு மாதக் கணக்குக்கு ஆதாரம் இல்லை.

ஆகவே சொத்தையைத் தடுப்பது ஃபுளோரைடும் அன்றாடப் பராமரிப்பும். எலும்பைக் காப்பது, பின்னாளில் தொல்லை தரப்போகும் பல்லை முன்கூட்டியே எடுத்துவிடுவது. சொத்தைக்குப் பயந்து நல்ல பற்களைப் பிடுங்குவதும், எலும்புக்கான ஆபத்தை ஃபுளோரைடால் சமாளிக்கலாம் என்று நினைப்பதும் இந்த வேறுபாட்டைத் தவறவிடுவதால் வருகிறவை.

கதிர் எங்கே விழுகிறது?

பல் மருத்துவர் புற்றுநோய் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. அவர் கேட்காவிட்டால் குடும்பத்தார் கேட்டுச் சொல்லலாம். குரல்வளையில் ஆரம்ப நிலைப் புற்று என்றால், கழுத்தின் நடுவில் ஒரு சிறிய கட்டத்துக்குள் கதிர் முடிந்துவிடும்; தாடைப் பக்கம் வராது. அவருடைய ஆடாத, வலிக்காத பல்லை எடுக்கக் கதிர்வீச்சு ஒரு காரணம் ஆகாது. நம் நாட்டில் புகையிலையாலும் பாக்காலும் அதிகம் வரும் கன்னம், கீழ் ஈறுப் புற்றுக்குப் பெரும்பாலும் முதலில் அறுவை, பிறகு 60 கிரே அளவில் 30 தவணை கதிர். அந்தப் பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பற்கள் இருக்கும் எலும்பு ஏறத்தாழ முழு அளவையும் வாங்கும். அடிநாக்கு, டான்சில், மூக்கின் பின்புறம் என்றால் 7 வாரத்தில் 70 கிரே வரை போகும். இரு பக்கக் கடைசிக் கடைவாய்ப் பற்களும் அந்தப் பரப்புக்குள் வரக்கூடும்.

கருவியும் முக்கியம். பழைய முறையில் இரு பக்கத்திலிருந்தும் அகலமாகக் கதிர் செலுத்தும்போது உமிழ்நீர்ச் சுரப்பிகள் தப்புவதில்லை. ஐஎம்ஆர்டி முறையில் கதிரின் அடர்த்தியை இடத்துக்கு இடம் மாற்றிச் சுரப்பியை ஒதுக்க முடியும். 2011ல் வெளியான பிரிட்டனின் பார்ஸ்போர்ட் ஆய்வில் 94 நோயாளிகளை இரண்டு முறைகளுக்கும் பிரித்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு குறிப்பிடத்தக்க வாய் வறட்சி பழைய முறையில் 74% பேருக்கு, ஐஎம்ஆர்டியில் 38% பேருக்கு இருந்தது. பாதியாகக் குறைவது பெரிய லாபம். ஆனாலும் மூன்றில் ஒருவருக்கு மேல் வறட்சி இருக்கிறது என்பதையும் அதே எண் சொல்கிறது. புதிய கருவியில்தான் வைக்கிறார்கள் என்பதால் பல் பராமரிப்பைத் தளர்த்த முடியாது.

மூன்று வழிகள்

எல்லாப் பல்லையும் எடுப்பது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. அன்றைய குறைந்த ஆற்றல் எக்ஸ்ரே கருவிகளின் கதிரைச் சதையைவிட எலும்பு அதிகமாக உறிஞ்சியது. அதிக ஆற்றல் கொண்ட கோபால்ட், லீனியர் ஆக்சிலரேட்டர் கருவிகள் வந்த பிறகு அந்தக் கணக்கு மாறியது. 1970களில் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள், தினமும் ஃபுளோரைடு ஜெல் வைத்தால் வறண்ட வாயிலும் பற்களைக் காக்க முடியும் என்று காட்டினார்கள். அதோடு மொத்தமாகப் பிடுங்குவதற்கான நியாயம் போய்விட்டது.

இந்த வழியின் இழப்பு அந்த நேரத்தில் தெரியாது. இருபது, இருபத்தைந்து குழிகளில் ஒன்று ஆறாவிட்டாலும் கதிர் தொடங்குவது தள்ளிப்போகும். உமிழ்நீர் இல்லாத வாயில் பல்செட் ஒட்டாது, உரசும். கதிர் முடிந்து பல மாதங்கள் பல்செட்டே போட முடியாமல் கஞ்சியிலும் குழைந்த சோற்றிலும் காலம் தள்ள வேண்டும். எடை குறையும் நோயில் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் எல்லாப் பல்லும் ஆடி, ஈறு முழுக்கச் சீழ் பிடித்து, வேர் முனைகள் மட்டும் மிஞ்சியிருப்பவருக்கு இதுதான் சரியான வழி. அவரிடம் நான் தயங்காமல் சொல்லிவிடுவேன்.

எதையும் தொடாமல் விடுவது இரண்டாவது வழி. வாய் நன்றாக இருந்தால் இதுவே போதும். வலியையோ ரத்தக் கசிவையோ குறைப்பதற்காக 5 தவணை, 10 தவணை என்று குறுகிய கதிர் மட்டும் வைக்கப்போகிறவர்களுக்கும் இதுவே கருணையான வழி. வலிக்கிற பல்லை மட்டும் பார்த்தால் போதும். கட்டி வேகமாக வளர்கிறது, மூச்சுக் குழாயை அடைக்கிறது என்றால் பல்லுக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. மற்றவர்களுக்கு 'வலிக்கலையே' என்பது நல்ல அளவுகோல் ஆகாது. எலும்பைத் தின்றுவிட்ட ஈறு நோய் பெரும்பாலும் வலிப்பதே இல்லை.

மூன்றாவது, தேர்ந்தெடுத்து எடுப்பது. இப்போது பெரும்பாலான மையங்கள் பின்பற்றுவது இதைத்தான், நானும் இதைத்தான் நம்புகிறேன். 50 கிரேக்கு மேல் விழப்போகும் பகுதியில் இருக்கும் பல், அடைக்க முடியாத அளவு சொத்தையாகியிருந்தால், ஈறு 6 மில்லிமீட்டருக்கு மேல் பிரிந்து பை விழுந்திருந்தால், நன்றாக ஆடினால், வேர்கள் பிரியும் இடம் வெளியே தெரிந்தால், வேர் நுனியில் பெரிய சீழ் நிழல் எக்ஸ்ரேயில் தெரிந்தால் அது போக வேண்டும். பாதி முளைத்து அடிக்கடி வீங்கும் ஞானப்பல்லும் போக வேண்டும். எலும்புக்குள் முழுக்கப் புதைந்து சும்மா கிடக்கும் ஞானப்பல்லைத் தோண்டக் கூடாது. அதை எடுக்க உடைக்கும் எலும்பு ஆறுவதற்கே நேரம் போதாது. கதிர் அதிகம் விழாத பக்கத்தில் இதே குறைகள் உள்ள பல்லுக்கு வேர் சிகிச்சையோ (ரூட் கெனால்) சுத்தம் செய்தலோ போதும். பின்னால் எடுக்க நேர்ந்தாலும் பெரிய ஆபத்து இல்லை.

வழிகாட்டிப் பட்டியல்கள் இங்கே நின்றுவிடும். நம் ஊர் நோயாளிகளுக்கு இன்னொன்றைச் சேர்த்தே ஆக வேண்டும்: வாய் திறக்கும் அளவு. பாக்கு, பான் மசாலா பழக்கத்தால் கன்னத்தின் உள்பக்கம் நார் நாராக இறுகி, கதிர் வைப்பதற்கு முன்பே இரண்டு விரல்கூட நுழையாத வாயோடு வருகிறவர்கள் இங்கே ஏராளம். கதிர் அதை மேலும் இறுக்கும். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே 35 மில்லிமீட்டருக்குக் கீழ் போனாலே இறுக்கம் என்று கணக்கு. 20க்கு வந்துவிட்டால் கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பிரஷ்ஷும் போகாது, மருத்துவரின் கருவியும் போகாது. எனவே மூன்று விரல் திறக்கும் வாயில் நான் விட்டுவைக்கும் ஒரு சுமாரான கடைவாய்ப் பல்லை, ஒன்றரை விரல் திறக்கும் வாயில் எடுக்கச் சொல்வேன். எட்டாத இடத்துப் பல்லைப் பின்னால் யாரும் காப்பாற்ற முடியாது.

இரண்டு மாதிரி நோயாளிகளை வைத்துப் பார்க்கலாம். ஒருவர் ஐம்பத்தைந்து வயது லாரி ஓட்டுநர். இடது கன்னத்தில் புற்று, அறுவைக்குப் பின் 60 கிரே. இடது கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டு லேசாக ஆடுகின்றன, வலது பக்கம் ஒரு பல்லில் ஆழமான சொத்தை, வாய் இரண்டு விரல் திறக்கிறது, மாதத்தில் பாதி நாள் சாலையில். இடது பக்கத்து இரண்டும் போகட்டும், வலது சொத்தைக்கு வேர் சிகிச்சை, மற்றவை இருக்கட்டும் என்பது என் முடிவாக இருக்கும். இன்னொருவர் நாற்பது வயது ஆசிரியை. மூக்கின் பின்புறப் புற்று, 70 கிரே, இருபத்தெட்டுப் பற்களும் திடமாக இருக்கின்றன, ஒரு ஞானப்பல் மட்டும் பாதி முளைத்து வீங்கி வீங்கி அடங்குகிறது. அவருக்குக் கதிர் அளவு அதிகம். ஆனாலும் எடுக்க வேண்டியது அந்த ஞானப்பல் ஒன்றுதான். அதிகக் கதிர் வாங்கப்போகிறவர் குறைவாக இழக்கிறார். வாயின் நிலையும் வீட்டுப் பராமரிப்பும் சேர்ந்து முடிவை மாற்றுகின்றன.

இவ்வளவு பார்த்துச் செய்தாலும் எல்லாப் பல்லும் தங்கிவிடாது. அமெரிக்காவில் பல மையங்கள் சேர்ந்து நடத்திய ஓராராட் என்ற ஆய்வில், 2 ஆண்டுகளுக்குள் சுமார் 18% பேருக்கு ஒரு பல்லாவது கைவிட்டுப்போனது. விட்டுவைக்கும் ஒவ்வொரு பல்லுக்கும் பின்னால் நீண்ட உழைப்பு தேவை என்பதை முதல் நாளே நோயாளியிடம் சொல்லிவிடுவது நல்லது.

எப்போது எடுப்பது?

எடுத்த குழி மூட 2 முதல் 3 வாரம் வேண்டும். 2024ல் ஐஎஸ்ஓஓ, எம்ஏஎஸ்சிசி, ஆஸ்கோ ஆகிய மூன்று பன்னாட்டு அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் கதிர் தொடங்கக் குறைந்தது 2 வாரம் முன்பு எடுக்கச் சொல்கிறது. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கடிகாரம் ஓடுகிறது. அறுவை முடிந்தவர்களுக்கு 6 வாரத்துக்குள் கதிர் தொடங்க வேண்டும். தாமதித்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும்.

இப்போது நடைமுறையைப் பாருங்கள். அறுவை முடிந்து, தையல் பிரித்து, பயாப்ஸி முடிவு வந்து, கதிர்வீச்சுத் துறையில் பெயர் பதிந்து, கதிரின்போது தலை அசையாமல் பிடிக்கும் மாஸ்க்குக்கு முகத்தை அளவெடுக்கும் நாளில்தான் 'பல் டாக்டரைப் பார்த்தீங்களா?' என்று கேட்கிறார்கள். அதற்குள் 4 வாரம் போயிருக்கும். அன்று பல்லை எடுத்தால் கதிர் தள்ளிப்போகும், எடுக்காவிட்டால் ஆபத்தான பல் உள்ளேயே இருக்கும். இந்த இக்கட்டுக்கு ஒரு எளிய தீர்வு உண்டு. புற்றுக் கட்டியை எடுக்கும் அதே அறுவையில், அதே மயக்கத்தில், எடுக்க வேண்டிய பற்களையும் எடுத்துவிடுவது. வலி தனியாக இல்லை, செலவு தனியாக இல்லை, ஆறுவதற்கு நான்கைந்து வாரம் தானாகக் கிடைக்கிறது. வாய் இறுகியவருக்கு மயக்கத்தில் எடுப்பது மருத்துவருக்கும் எளிது. அறுவைக்கு முந்தைய வாரத்தில் ஒரு முழு வாய் எக்ஸ்ரேவும் அரை மணி நேரப் பல் பரிசோதனையும் இருந்தால் போதும். அறுவை தேதி சொன்ன அன்றே பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். சீட்டு எழுதித் தரும் வரை காத்திருக்க வேண்டாம்.

அறுவை இல்லாமல் நேராகக் கதிர் என்றால் மாஸ்க் எடுத்துத் திட்டம் போடுவதற்கே சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். எடுக்கும்போது கூர்மையான எலும்பு விளிம்பைத் தேய்த்து ஈறை இழுத்துத் தைத்துவிட்டால் சீக்கிரம் மூடும். நோயாளி புகையிலையை அன்றோடு நிறுத்த வேண்டும். அதுவும் குழி ஆறுவதைத் தடுக்கிறது.

ஃபுளோரைடு: எந்த வடிவம்?

இங்கே மூன்று தேர்வுகள் உண்டு. அச்செடுத்துப் பல்லுக்குத் தகுந்த மெல்லிய பிளாஸ்டிக் தட்டு செய்து, அதில் ஃபுளோரைடு ஜெல் போட்டுத் தினமும் இரவு 5 அல்லது 10 நிமிடம் கடித்திருப்பது ஒன்று. 5000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5000 பங்கு) ஃபுளோரைடு உள்ள அடர் பற்பசையால் பல் துலக்குவது இன்னொன்று. மூன்றாவது, பல் மருத்துவரே பூசிவிடும் வார்னிஷ். அதில் 22,600 பிபிஎம் ஃபுளோரைடு இருக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூசலாம். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரணப் பற்பசையில் இருப்பது சுமார் 1000 பிபிஎம். அது மட்டும் இவர்களுக்குப் போதாது.

தட்டுமுறைதான் பழையது, அதிகம் சோதிக்கப்பட்டது. ஆனால் நாளடைவில் மக்கள் விட்டுவிடுவதும் அதையே. வாய் வறண்டு, புண்ணாகி, குமட்டல் இருக்கும்போது ஒரு தட்டை வாயில் வைத்துக்கொண்டிருப்பது எளிதில்லை. 2010ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஃபுளோரைடு நிச்சயம் சொத்தையைக் குறைக்கிறது என்றும், எந்த ஜெல், எந்த வழியில் என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை என்றும் சொன்னது. எனக்கு இது நிம்மதி தருகிற முடிவு. நோயாளியால் விடாமல் செய்ய முடிகிற வடிவமே அவருக்குச் சிறந்தது. சென்னையிலோ மதுரையிலோ இருந்து, அடிக்கடி வர முடிகிறவருக்கு வார்னிஷும் அடர் பற்பசையும் சொல்வேன். ஊர் தொலைவு, ஆனால் வீட்டில் ஒழுங்காகச் செய்யக்கூடிய மனைவியோ மகனோ இருக்கிறார் என்றால் தட்டு செய்து கொடுப்பேன். தட்டைச் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை போன்ற ஊர்களில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் கேட்டுப் பார்க்கலாம். அடர் பற்பசை எல்லாக் கடையிலும் கிடைக்காது. மருத்துவர் எழுதிக் கொடுத்து வரவழைக்க வேண்டியிருக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. பல் மருத்துவமனைகளில் எளிதில் கிடைக்கும் ஃபுளோரைடு ஜெல் புளிப்புத் தன்மை கொண்டது. புண்ணான வாயில் எரியும், பீங்கான் கேப்பையும் சில அடைப்புகளையும் அரிக்கும். இவர்களுக்கு அமிலம் இல்லாத நடுநிலை ஜெல்லாகக் கேட்டு வாங்க வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து நோயாளிகள் ஃபுளோரைடு என்றதும் பயப்படுவார்கள். அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடிப் பல்லில் கறை விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கேடு பல் உருவாகும் சிறு வயதில் தினமும் குடித்ததால் வந்தது. வளர்ந்தவர் பல்லின் மேல் பூசித் துப்புவதால் அது வராது. இதை நிதானமாக விளக்கினால் பயம் போய்விடுகிறது. விளக்காமல் விட்டால் வாங்கிய டியூப் அலமாரியிலேயே இருக்கும்.

சொத்தையை அடைக்கும் பொருளிலும் தேர்வு இருக்கிறது. சாதாரண கிளாஸ் அயனோமர் வறண்ட வாயில் சீக்கிரம் கரைகிறது. பிசின் கலந்த கிளாஸ் அயனோமரும் காம்போசிட்டும் அதைவிட நன்றாகத் தாங்குகின்றன.

கதிர் நடக்கும் வாரங்களில்

இந்த ஆறேழு வாரம் வாய்ப்புண்ணின் காலம். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷைத்தான் பலர் வாங்கி வைத்திருக்கிறார்கள். அது புண்ணைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, எரிச்சல் வேறு. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் ஸ்பூன் உப்பும் கால் ஸ்பூன் ஆப்பச்சோடாவும் போட்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொப்பளிப்பது மலிவு, இதம், அமிலத்தையும் தணிக்கும். வலி கூடினால் மருத்துவர் பென்சிடமின் என்ற வலி குறைக்கும் மவுத்வாஷ் எழுதிக் கொடுப்பார். மிக மென்மையான பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்துத் துலக்கலாம். சாம்பல், செங்கல் பொடி, உப்புப் பொடி, புகையிலைப் பொடி எதுவும் கூடாது.

தொண்டை வறட்சிக்குப் பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், செய்யாதீர்கள். அதுவும் சர்க்கரைதான்; உமிழ்நீர் இல்லாத வாயில் மணிக்கணக்கில் கரையும் சர்க்கரையைவிடப் பல்லுக்குப் பெரிய எதிரி இல்லை. எலுமிச்சை மிட்டாயும் அப்படித்தான். தண்ணீரை வாய் வாயாகக் குடிக்கலாம், சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம். எடைக்காகக் கொடுக்கும் சத்துமாவு, இனிப்புப் பானங்களை நிறுத்தக் கூடாது. அவற்றை நாள் முழுக்கச் சிறிது சிறிதாக உறிஞ்சாமல், வேளைக்கு ஒருமுறையாகக் குடித்து உடனே கொப்பளித்தால் போதும். வாய் திறக்கும் பயிற்சியை முதல் நாளே தொடங்க வேண்டும். இறுகிய பிறகு திரும்ப வருவது மிகக் கடினம்.

பின்னால் ஒரு பல் கெட்டுவிட்டால்?

இரண்டு வருடம் கழித்து, கதிர் அதிகம் வாங்கிய கீழ்த்தாடையில் ஒரு பல் கெடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தெருமுனைக் கிளினிக்கில் போய் 'எடுத்துடுங்க' என்று சொல்வதுதான் மிகவும் ஆபத்தான வழி. எடுக்காமல் சமாளிக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். வேர் சிகிச்சை செய்து, பல்லின் மேல்பகுதியை ஈறு மட்டத்துக்கு அறுத்து, மேலே அடைத்து, வேரை எலும்புக்குள்ளேயே விட்டுவிடலாம். பார்க்க அழகாக இருக்காது, மெல்லவும் உதவாது. ஆனால் எலும்பைத் திறக்காமல் சீழை நிறுத்திவிடும். என் முதல் தேர்வு எப்போதும் இதுதான்.

வேர் உடைந்து, சீழ் நிற்காமல், எடுத்தே ஆக வேண்டும் என்றால் என்ன பாதுகாப்பு? 1985ல் அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் 74 நோயாளிகளில், பாதிப்பேருக்குப் பென்சிலினும் பாதிப்பேருக்கு உயர் அழுத்த ஆக்சிஜன் அறையும் கொடுத்துப் பற்களை எடுத்தார். எலும்பு அழுகியது பென்சிலின் பிரிவில் 37 பேரில் 11 பேருக்கு, ஆக்சிஜன் பிரிவில் 2 பேருக்கு. அதன் பிறகு எடுப்பதற்கு முன் 20 முறை, பின் 10 முறை அழுத்த அறைக்குள் உட்காருவது பல நாடுகளில் வழக்கமாயிற்று. 2019ல் பிரிட்டனின் ஹோபான் ஆய்வு வந்து அந்த நம்பிக்கையைக் குலைத்தது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் மவுத்வாஷும் இரு பிரிவுக்கும் கொடுத்து, ஒரு பிரிவுக்கு மட்டும் ஆக்சிஜன் சேர்த்தார்கள். 6 மாதத்தில் எலும்பு அழுகியது ஆக்சிஜன் பிரிவில் 6.4%, மற்றப் பிரிவில் 5.7%. வித்தியாசமே இல்லை.

நம் ஊரில் அழுத்த அறை சில பெரிய நகரங்களில்தான் இருக்கிறது. முப்பது நாள் அங்கே தங்கி, வேலையை விட்டு, பணம் கட்டி உட்காரச் சொல்வதற்கு இப்போது எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாகப் பென்டாக்சிஃபிலின், வைட்டமின் ஈ என்ற இரு மாத்திரைகளைப் பல் எடுப்பதற்குச் சில வாரம் முன்பிருந்து கொடுக்கும் பழக்கம் பரவிவருகிறது. பிரான்சில் சில்வி டெலானியன் குழுவினர் ஏற்கெனவே அழுகிய எலும்புக்கு இதைக் கொடுத்து நல்ல பலன் கண்டார்கள். பல் எடுக்கும் முன் தடுப்பாகக் கொடுப்பதற்கு அவ்வளவு உறுதியான ஆதாரம் இன்னும் இல்லை. ஆனால் மலிவு, வீட்டிலேயே சாப்பிடலாம். மூளையிலோ கண்ணிலோ சமீபத்தில் ரத்தக் கசிவு ஏற்பட்டவர்களுக்குக் கூடாது. ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். ஆக்சிஜனா, மாத்திரையா என்று கேட்டால் மாத்திரை என்பேன். எதைவிடவும் முக்கியம், ஒரு நேரத்தில் ஓரிரு பல் மட்டும், எலும்பைக் காயப்படுத்தாமல், அனுபவமுள்ள முகத்தாடை அறுவை மருத்துவர் எடுப்பது.

அந்த மருத்துவருக்குத் தேவைப்படும் காகிதம் ஒன்று உண்டு. கதிர் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் பெரும்பாலும் '60 கிரே, 30 தவணை' என்று மட்டும் இருக்கும். இடது கீழ்க் கடைவாய் எலும்புக்கு எவ்வளவு, வலதுக்கு எவ்வளவு, மேல்தாடைக்கு எவ்வளவு என்பது திட்டமிட்ட கணினியில் இருக்கும். சில ஆண்டுகள் கழித்துத் தேடினால் கிடைக்காமல் போகலாம். கடைசித் தவணை நாளில் கதிர்வீச்சு மருத்துவரிடம் தாடைப் பகுதிகளின் அளவை எழுதிக் கேட்டு வாங்கி, அதன் படத்தைக் குடும்பத்தில் இரண்டு பேர் போனிலாவது வைத்துக்கொள்ளுங்கள்.